கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மான்

திருமுடிவாக்கத்தில் இருந்துகொண்டு மானைப் பற்றி எழுதுகிறேன் என்றால் உங்களுள் பலர் நகைக்கக்கூடும். சிட்கோ தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளும், இரும்புத்தூள் படிந்த தெருக்களும், சுப்ஹுத் தொழுகை முடிந்து வெளியே வரும்போதே காதில் விழும் இயந்திரங்களின் இரைச்சலும்தான் எங்கள் ஊருக்கு அடையாளம். கிழக்கே திருநீர்மலைக் குன்று தெரியும். பக்கத்தில் அடையாறு ஓடும்; மழைக்காலத்தில் மட்டும் தான் ஓர் ஆறு என்பதை அது நினைவுபடுத்தும். 2015 டிசம்பரில் சற்று அதிகமாகவே நினைவுபடுத்தியது. இவ்வூரில் மான் இல்லை. ஆயினும் இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், வேலிகளுக்குள்ளும் சுவர்களுக்குள்ளும் மான்கள் மேயும் இடங்கள் மூன்று நான்கு உண்டு. அவற்றை நான் தேடிச் சென்ற கதையையும், அதற்குக் காரணமாய் அமைந்த ஒரு தொலைபேசி அழைப்பையும்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் என் தங்கை மகன் வசிக்கிறான். செப்டம்பர் மாதக் கடைசியில் ஓர் இரவு பேசினான். "மாமு, அக்டோபர் ஒண்ணாம் தேதி இங்கே அம்பு வேட்டை ஆரம்பிக்குது. லைசென்ஸ் எடுத்திருக்கேன். நன்னா அந்தக் காலத்துல மான் வேட்டைக்குப் போனாங்களாமே, மானை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டான். அவன் நன்னா என்றது என் அத்தாவை. அவர் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. அவர் சொல்லிக்கொடுத்தவற்றுள் என் நினைவில் நின்றவற்றை அவனுக்குச் சொன்னேன். பேசி முடித்து விளக்கை அணைத்த பின்னரும் உறக்கம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

அவன் தேடும் மான் வேறு, நம் நாட்டு மான் வேறு. அங்குள்ளது வெள்ளைவால் மான். அச்சம் தட்டியதும் வாலை நிமிர்த்தி, அடிப்புற வெண்மையைக் கொடிபோல் காட்டிக்கொண்டு ஓடும். அதனால் வந்த பெயர் அது. கட்டுப்பாடற்ற வேட்டையினால் 1900-ஆம் ஆண்டையொட்டி அழிவின் விளிம்புக்குச் சென்ற அந்த மான், பருவமும் எண்ணிக்கையும் வகுத்துச் சட்டம் செய்த பிறகு பெருகிற்று. இன்று வட அமெரிக்காவில் ஏறத்தாழ 3 கோடி இருக்கும் என்று கணிக்கின்றனர். அங்கே ஓநாயும் காட்டுப்பூனை இனங்களும் பல இடங்களில் ஒழிந்துவிட்டபடியால், மான் அளவுக்கு மீறிப் பெருகிப் பயிரையும் இளமரக் கன்றுகளையும் தின்று தீர்க்கிறது. ஆகவே வேட்டையே அங்கு ஒரு வகை மேலாண்மையாகக் கொள்ளப்படுகிறது. மிச்சிகனில் அக்டோபர் 1 முதல் அம்பு. நவம்பர் 15 முதல் துப்பாக்கி. இனச்சேர்க்கைப் பருவம் உச்சத்தை அடைவது நவம்பரில்தான். பருவத் தொடக்கத்தில் கலைமான்கள் இன்னும் தம்முள் சண்டையிடாமல், இரண்டு மூன்றாகச் சேர்ந்து, நாள் தவறாமல் ஒரே வழியில் இரைக்குச் சென்று திரும்பும். கொம்பின்மேல் படர்ந்திருந்த மென்மயிர்த் தோல் அப்போதுதான் உரிந்து விழுந்திருக்கும். ஓக் மரத்தின் கொட்டைகள் உதிரத் தொடங்கியதும் வயல்களை விட்டுவிட்டு மரத்தடிகளுக்கு இடம் மாறும். அதனை அறிந்தவன் மானைக் காண்பான். அறியாதவன் காட்டையே சுற்றிச் சுற்றி வருவான்.

"மானைத் தேடாதே, மான் தின்பதைத் தேடு" என்பது என் அத்தாவின் வழக்கமான சொல். கண்டம் மாறினாலும் அது மாறவில்லை என்பதை என் தங்கை மகன் சொல்லக் கேட்டு வியந்தேன்.

மறுநாள் காலை என் மகள் வயிற்றுப் பேரன், வயது பத்து, "நன்னா, நம்ம ஊர்ல மான் எங்கே இருக்கு?" என்று பிடித்துக்கொண்டான். இரவு நடந்த பேச்சை அவன் கேட்டிருக்கிறான். பள்ளி விடுமுறையும் வந்தது. புறப்பட்டோம்.

முதலில் கிண்டி. எங்கள் ஊரிலிருந்து பம்மல் வழியாகப் பல்லாவரம் சென்று மின்சார ரயில் ஏறினால் திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, அடுத்தது கிண்டி. ஒரு மாநகரத்தின் நடுவே தேசியப் பூங்கா இருப்பது நம் நாட்டில் மிக அரிது. வெறும் 2.70 சதுர கிலோமீட்டர் பரப்புதான் என்றாலும், சோழமண்டலக் கடற்கரையின் பழைய உலர் பசுமைமாறாக் காட்டில் எஞ்சிய துண்டு அது. ஆங்கிலேய ஆளுநர்களின் வேட்டைக் காடாக இருந்தது. கில்பர்ட் ரோடரிக்ஸ் என்பவருக்கு உரியதாயிருந்த பகுதியை 1821-இல் 35,000 ரூபாய்க்கு அரசு வாங்கிற்று. 1910-இல் 505 ஹெக்டேர் பரப்புடன் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பிறகு கல்வி நிறுவனங்களுக்கும் தலைவர்களின் நினைவகங்களுக்கும் கொடுத்துக் கொடுத்துக் காடு பாதியாய்ச் சுருங்கிற்று. 1959-இல் தொடங்கிய ஐ.ஐ.டி. வளாகமும் அக்காட்டிலிருந்து பிரிந்ததுதான். 1978-இல் எஞ்சியது தேசியப் பூங்கா ஆயிற்று. வேட்டைக்காக வைத்திருந்த காடே வேட்டைக்குத் தப்பிய காடாக நின்றது என்பதில் ஒரு விந்தை இருக்கிறது.

அங்கு இருவகை மான்களைக் காணலாம். ஒன்று புள்ளிமான். மற்றொன்று, நாம் பொதுவாக மான் என்று சொல்லிவிட்டாலும் உண்மையில் மான் குடும்பத்தைச் சேராத புல்வாய். வெளிமான் என்றும் வழங்குவர். இரண்டையும் பிரித்தறியக் கொம்பைப் பாருங்கள். புள்ளிமானின் கொம்பு கிளைவிட்டது. ஆணுக்கு மட்டும் உரியது. விழுந்து விழுந்து மீண்டும் முளைக்கும். புல்வாயின் கொம்போ திருகிட்டு நிமிர்ந்தது. ஆடுமாடுகளின் கொம்பைப் போல வாழ்நாள் முழுதும் நிற்பது. நம் முன்னோர் இவ்வேறுபாடுகளை நன்கு அறிந்தவர்கள். ஆணுக்குக் கலை என்றும் இரலை என்றும், பெண்ணுக்குப் பிணை என்றும், குட்டிக்கு மறி என்றும் தனித்தனிப் பெயர் இட்டு அழைத்த மொழி நம்முடையது. இன்று நாம் எல்லாவற்றையும் 'மான்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம்.

சாலையோரத்துச் சிறுவர் பூங்காவில் புதுப்பிப்புப் பணிகள் நடந்து 2024-இல் மீண்டும் திறந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மானைக் காட்ட அது போதும். ஆனால் என் பேரன் கம்பிக்குப் பின்னால் நின்ற மான்களைப் பார்த்துவிட்டு, "இது கண்டுபிடிச்சது இல்லையே நன்னா, வச்சிருக்காங்க" என்றான். அவன் சொன்னது நியாயமே.

ஆகவே அடுத்த வாரம் வண்டலூர். வெளிவட்டச் சாலையில் தெற்கே சென்றால் முடிவில் வருவது அதுதான். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைப் பற்றி நீங்கள் அறிவீர்கள்; ஆனால் அதன் மூலத்தில் ஒரு முஸ்லிம் அரசரின் பெயர் இருப்பதைப் பலர் அறியார். சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர், 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சிச்சாலையைத் தொடங்கினார். கர்நாடக நவாப் தம் அரண்மனை விலங்குகளை அவருடைய வேண்டுகோளுக்கு இணங்கி அதற்கு வழங்கினார் என்று அப்பூங்காவின் வரலாறு கூறுகிறது. அப்போது நவாபாக இருந்த குலாம் கௌஸ் கான் அதே ஆண்டில் காலமானார். அவருக்கு வாரிசில்லை என்று சொல்லிக் கம்பெனி நவாப் பட்டத்தையே ஒழித்துவிட்டது. ஆட்சி போயிற்று; விலங்குகள் நின்றன. அவற்றின் வழிவந்த காட்சிச்சாலை, நகருக்குள் நெடுங்காலம் நெருக்கடியில் இருந்துவிட்டு, 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. ஓட்டேரி ஏரியும் அதைச் சுற்றிய புதர்க்காடும் அதற்குள்ளேயே அமைந்தன. அங்குள்ள புள்ளிமான்களுள் கூண்டில் அடைபடாமல் உலவுபவையும் உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்து ஒருமுறை வாயிலிலிருந்து திரும்பிய அனுபவம் எனக்கு இருப்பதால் உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

தென்பகுதி வாசகர்கள் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. முத்துப்பேட்டை, நாகூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோடியக்கரை இருக்கிறது. 1967-இல் அமைந்த அச்சரணாலயத்தின் திறந்த புல்வெளியில் புல்வாய்க் கூட்டங்கள் துள்ளிப் பாய்வதைக் காண்பது ஒரு பேறு. காயல்பட்டினம், மேலப்பாளையம் வாசகர்களுக்கு வல்லநாட்டுக் குன்று பக்கம். எதிரே தெரியும் குன்றில் புல்வாய் உண்டென்பதை அறியாமலேயே நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் பேருந்தில் போய் வருபவர்கள் எத்தனை பேர்!

இனி, மானைக் கண்டறிவது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இது வேட்டைக்காரரின் கலையாக இருந்தது. இன்று கண்ணுடையவர் எவருக்கும் பயன்படும்.

நேரம் இரண்டு. விடிந்து ஒரு நாழிகை வரை, பிறகு அஸருக்குப் பின். உச்சிவெயிலில் மான் புதர் நிழலில் படுத்து அசைபோடும். பத்தடி தூரத்தில் நீங்கள் கடந்து சென்றாலும் புள்ளிகள் இலைநிழலோடு கலந்து கண்ணுக்குத் தெரியாது. அடுத்தது காற்று. உங்கள் முகத்தில் காற்று படவேண்டும்; முதுகில் பட்டால் உங்கள் வாடை உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். அத்தர் பூசிக்கொண்டு போகாதீர்கள். ஜும்ஆவுக்குப் பூசியது சட்டையில் இருந்தாலும் மானுக்கு அது போதும். வெள்ளைச் சட்டையும் வேண்டாம். வெள்ளைவால் மானின் கண் செம்மஞ்சள் நிறத்தைப் பிரித்தறியாது, நீலத்தை நன்கு காணும் என்று ஆராய்ந்து கூறியுள்ளனர். அதனால்தான் அமெரிக்க வேட்டைக்காரர் ஒருவரையொருவர் சுட்டுவிடாதிருக்கக் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் மேலங்கி அணிந்தும் மானிடம் மாட்டிக்கொள்வதில்லை.

பிறகு நிலத்தைப் படியுங்கள். மானின் குளம்பு நடுவில் பிளந்து, முன்புறம் கூர்ந்து, இதயத்தை நீளவாக்கில் இழுத்ததுபோல் பதியும். ஆட்டின் தடம் இதைவிட மழுங்கல். நுனிகள் விரிந்து ஆழமாகப் பதிந்திருந்தால் அது ஓடிய மான். சேர்ந்து மெலிதாகப் பதிந்திருந்தால் நடந்த மான். புழுக்கை கருத்துப் பளபளப்பாக இருந்தால் இன்று போட்டது. வெளிறி உலர்ந்திருந்தால் பழையது. தூங்குமூஞ்சி மரத்தின் காய் உதிரும் இடம், ஆலம்பழம் சிந்தும் இடம், சீமைக் கருவேல நெற்றுகள் கிடக்கும் இடம், இவற்றிலெல்லாம் மான் வரும். மரங்களின் கீழ்க்கிளைகள் அளந்து வெட்டினாற்போல் ஒரே உயரத்தில் இலையின்றி இருப்பின், அது மான் கழுத்தை நீட்டியும் பின்னங்காலில் நின்றும் எட்டிக் கடித்த உயரம். ஒற்றையடித் தடம் ஒன்று புதரிலிருந்து நீருக்குச் செல்லும். அந்தத் தடத்தில் நிற்காதீர்கள். அதிலிருந்து விலகி, காற்றுக்குக் கீழ்ப்புறத்தில், ஒரு மரத்தோடு மரமாக உட்காருங்கள். அரைமணி நேரம் பேசாமல் உட்காரும் பழக்கம் தொழுகையாளிக்கு இருக்கும் என்று நம்புகிறேன்.

நம் நாட்டுப் புள்ளிமானுக்கு அமெரிக்க மானைப் போல ஒரே பருவம் கிடையாது. ஒரே கூட்டத்தில் கொம்பு முற்றிய கலையும், கொம்பு விழுந்து மொட்டையாய் நிற்பதும், மென்மயிர்த் தோலோடு புதுக்கொம்பு வளர்வதும் சேர்ந்தே காணப்படும். ஏறக்குறைய எட்டு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டி ஈனும். எந்த மாதத்திலும் குட்டியைக் காணக்கூடும். ஆகவே நம் நாட்டில் வேட்டைக்குப் பருவம் வகுப்பதே கடினம். எந்த நாளில் எய்தாலும் எங்கோ ஒரு குட்டி பால் இன்றிப் போகும்.

நல்லவேளையாக அந்தக் கணக்கு இப்போது தேவையில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிமம் பெற்ற வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. 1991-இல் செய்த திருத்தம் அக்கதவையும் அடைத்துவிட்டது. 1998-இல் ராஜஸ்தானில் புல்வாய் சுட்ட வழக்கில் ஒரு பெரிய திரைப்பட நடிகருக்கு 2018-இல் ஜோத்பூர் நீதிமன்றம் 5 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். ஆயினும், "மான்கறி இருக்கிறது, வேண்டுமா?" என்று காதோடு காதாகக் கேட்பவர்கள் அடியோடு மறைந்துவிடவில்லை. மான்கறி ஹலால்தானே என்று வாதிடுவோரும் நம்மில் உண்டு. மான் ஹலால்தான், அதில் ஐயமில்லை. பிஸ்மி கூறி எய்த அம்பின் கூர்முனை துளைத்து இறந்தால் உண்ணலாம், அம்பின் பக்கவாட்டு அடிபட்டு இறந்தால் உண்ணலாகாது என்று அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கியது ஹதீஸ் நூல்களில் உள்ளது. என் தங்கை மகன் துப்பாக்கியை விட்டு அம்பைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். துப்பாக்கிக் குண்டு பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவன் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. அவன் செய்வதில் எனக்குக் குறையில்லை. நம் நாட்டில் அது திருட்டு. திருடிய கோழியும் ஹலாலான பறவைதான்!

திருமறையின் ஐந்தாம் அத்தியாயத்தில் 94-ஆம் வசனத்தை நீங்கள் ஓதியிருப்பீர்கள். இஹ்ராமில் இருக்கும் நம்பிக்கையாளர்களை, அவர்களுடைய கைகளும் ஈட்டிகளும் எட்டும் அளவுக்கு வேட்டைப் பிராணியை அருகில் கொண்டுவந்து அல்லாஹ் சோதிப்பான் என்பது அதன் கருத்து. அடுத்த வசனம், மீறிக் கொன்றவன் அதற்கு ஈடான கால்நடையைப் பரிகாரமாகக் கொடுக்கவேண்டும் என்கிறது. அந்த ஈட்டை நீதியுள்ள இருவர் முடிவு செய்யவேண்டும். மான் இனத்துக்கு ஆடு என்று சட்ட அறிஞர்கள் வகுத்தனர். மதீனாவின் புனித எல்லைக்குள் மான்கள் மேயக் கண்டால் அவற்றை நான் வெருட்டவும் மாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறியதாக புகாரியில் காணலாம். கொல்வது இருக்கட்டும், வெருட்டுவதையே அவர்கள் விலக்கினார்கள். ஈட்டி எட்டுவது வேட்டைக்காரனுக்குப் புரியும். கை எட்டுவது என்றால் என்ன? ஓடும் மானைக் கையால் எப்படி எட்டமுடியும்? விரிவுரையாளர் சிலர், கைக்கெட்டுவது குஞ்சுகளும் குட்டிகளும், ஈட்டிக்கெட்டுவது பெரியவை என்று பொருள் கூறுவர்.

இங்கேதான் நான் உறங்காத அந்த இரவின் காரணம் வருகிறது.

1968-ஆம் ஆண்டு. எனக்கு வயது ஒன்பது. தோல் பதனிடும் தொழிலில் இருந்த என் அத்தா, துப்பாக்கி உரிமம் பெற்ற நண்பர் ஒருவருடன் ஜவ்வாது மலையடிவாரத்துக்குப் போனார். என்னையும் அழைத்துச் சென்றார். அன்று அவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. திரும்பும் வழியில், புல் மண்டிய ஒரு பள்ளத்தில், நான்தான் அதைக் கண்டேன். ஒரு புள்ளிமான் மறி. கழுத்தைத் தரையோடு ஒட்டவைத்து, காதுகளை மடக்கி, அசையாமல் கிடந்தது. குனிந்து தூக்கினேன். அது கத்தவுமில்லை, உதறவுமில்லை. தாயை இழந்த குட்டி என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். அத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, எடுத்துக்க" என்றார். வீட்டில் என் அம்மா பசும்பாலைத் துணியில் நனைத்து ஊட்டினார்கள். கழிச்சல் கண்டது. மூன்றாம் நாள் அஸர் நேரத்தில் இறந்தது. கொல்லைப்புறத்து முருங்கையடியில் அத்தா குழி வெட்டினார். அதன்பின் அவர் வேட்டைக்குப் போகவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

அந்தக் குட்டி தாயை இழக்கவே இல்லை என்பதை நான் அறிந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு புத்தகத்தின் வாயிலாக. பிறந்த முதல் சில நாட்களில் மறியால் கூட்டத்தோடு ஓட இயலாது. ஆகவே பிணைமான் அதைப் புல்லில் மறைத்துவைத்துவிட்டு விலகி மேயப் போகும். குட்டியின் உடலில் வாடை மிகக் குறைவு. அசையாதிருப்பதே அதற்குக் காப்பு. தாய் அருகில் நின்றால்தான் பகைக்கு இடம் தெரிந்துவிடும். நாளில் சில தடவை மட்டும் வந்து பாலூட்டிச் செல்லும். வெள்ளைவால் மானும் இவ்வாறே. ஒவ்வோர் ஆண்டும் குட்டி ஈனும் காலத்தில், தனியே கிடக்கும் மான்குட்டியை எடுக்காதீர்கள் என்று அமெரிக்க வனத்துறையினர் மக்களிடம் மன்றாடிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த மானுக்குக் குட்டிப் பருவத்தில் மட்டும் புள்ளி உண்டு, வளர்ந்தால் மறையும். நம் மானுக்கோ அது வாழ்நாள் சொத்து. மனிதக் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பார்கள். அது அத்தனை உறுதியானதன்று. தொடுவதைவிடப் பெரிய தீங்கு தூக்கிச் செல்வதே. அச்சத்தின் அதிர்ச்சியாலேயே மான் இறந்துபோவதும் உண்டு.

என் பேரனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. மூன்றாவதாக நாங்கள் போன இடம் தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகம். 1937-இல் நகரை விட்டு அங்குக் குடியேறியபோது பொட்டலாய்க் கிடந்த நிலத்தில் மரம் வளர்த்தவர்களுள் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் முதன்மையானவர். வேதியியல் கற்பித்தவர் தாவரங்களின் மேல் காதல் கொண்டது அக்கல்லூரியின் பாக்கியம். ஜி.எஸ்.டி. சாலையின் புழுதியிலிருந்து வாயிலுக்குள் நுழைந்தால் வேறு காற்று. எவரும் நினைத்தவுடன் நுழையக்கூடிய இடமன்று. அங்குப் பயின்றவன் என்ற உரிமையில் அனுமதி கேட்டுப் பெற்றேன்.

அஸர் தொழுதுவிட்டுப் புதர்க்காட்டின் ஓரமாக நடந்தோம். பேரன் இப்போது நிலத்தைப் பார்த்தே நடந்தான். முதலில் புழுக்கையைக் கண்டவன் அவன்தான். பிறகு தடம். பிறகு, தூரத்தில் ஏழெட்டு மான்கள். ஒரு கலை தலையை உயர்த்தி எங்களை நோக்கிற்று. முன்னங்காலால் தரையைத் தட்டிற்று. கூர்மையான ஒரு குரல் எழுப்பிற்று. உடனே வால்கள் உயர்ந்தன. வெள்ளை வெள்ளையாய் அசைந்து புதருக்குள் மறைந்தன. "நன்னா, இதுக்கும் வால் வெள்ளை!" என்று கிசுகிசுத்தான் பேரன்.

அவை நின்ற இடத்தைப் பார்க்க அவன் முன்னே ஓடினான். ஓடியவன் நின்றுவிட்டான். நான் அருகில் சென்று பார்த்தேன். அவன் காலடியிலிருந்து ஒரு முழ தூரத்தில், புல்லுக்குள், கழுத்தைத் தரையோடு ஒட்டவைத்து, காதுகளை மடக்கி, அது கிடந்தது.

அவன் கையை நீட்டினான். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக என்னுள் இருந்த ஏதோ ஒன்று குரலாய் வெளிவந்திருக்கவேண்டும். அவன் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். இவ்வளவு கடுமையாக அவனிடம் நான் பேசியதே இல்லை. கண்ணில் நீர் தளும்பிவிட்டது அவனுக்கு. தோளைப் பிடித்து மெதுவாகப் பின்னால் அழைத்துவந்தேன். நூறடிக்கு அப்பால், காற்றுக்குக் கீழே, ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம்.

"அதுக்கு அம்மா இல்லையா?"

"இருக்கு. நாம போனாத்தான் வரும்."

"நாய் வந்தா?"

இதற்கு என்னிடம் விடை இல்லை. அந்தப் பகுதிகளில் மானுக்குப் புலியோ சிறுத்தையோ பகை அல்ல. தெருநாயும், நெடுஞ்சாலை வாகனமும், நாம் வீசும் பிளாஸ்டிக் பையும்தான் பகை. உப்பும் சோறும் ஒட்டிய பையை மான் தின்றுவிடும். அது வயிற்றில் திரண்டு நிற்கும். ஐ.ஐ.டி. வளாகத்தில் இறந்த மான்களின் வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கைப் பற்றி நாளிதழ்களில் பலமுறை வந்திருக்கிறது.

காத்திருந்த நேரத்தில் அவனுக்கு ஒரு கதை சொன்னேன். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்றொரு பகுதி உண்டு. நம் வீடுகளில் முன்பு முதியவர்கள் பாடக் கேட்டிருப்பீர்கள். வேடன் ஒருவன் பிணைமானைக் கட்டிவைத்திருக்கிறான். அவ்வழியே வந்த பெருமானாரிடம் (ஸல்) அது, என் குட்டி பசித்திருக்கும், பாலூட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று முறையிடுகிறது. அவர்கள் அதற்காகத் தம்மையே பிணையாக வைத்து அதை விடுவிக்கிறார்கள். சொன்னபடி அது குட்டியோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான். இந்நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் தொடர் வலுவானதன்று என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறுவர். அதைப் பேரனுக்கும் சொல்லியே கதையைச் சொன்னேன். பெண்மானுக்கும் ஜாமீனுக்கும் பிணை என்ற ஒரே சொல் தமிழில் வாய்த்திருப்பதை அவன் இரண்டுமுறை கேட்டுத் தெரிந்துகொண்டான்.

நாற்பது நிமிடம் கடந்தது. கொசு பிடுங்கிற்று. பிணைமான் வரவில்லை. மக்ரிபுக்கு நேரம் நெருங்கியது. வளாகத்தை விட்டு வெளியேறவும் வேண்டும். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். வாயிற்காவலரிடம் செய்தியைச் சொல்லிவைத்தேன். நாய்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அன்று இரவு அவன் உணவு கொள்ளவில்லை என்று மகள் சொன்னாள். எனக்கும் உறக்கமில்லை. நள்ளிரவில் தூறல் விழுந்தது. எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

சுப்ஹு தொழுதுவிட்டு முதல் பேருந்தைப் பிடித்துத் தாம்பரம் போனேன். நேற்றைய காவலரே இருந்தார், விட்டார். மரத்தை அடையாளம் வைத்து நடந்தேன். புல் நசுங்கிய இடம், ஒரு தட்டின் அளவு, அப்படியே இருந்தது. குட்டி இல்லை. குனிந்து தேடினேன். இரத்தம் இல்லை, மயிர்க் கற்றை இல்லை, நாய்த் தடமும் இல்லை. நான்கு அடி தள்ளி, புல் முடியும் இடத்தில், இரவுத் தூறலில் இளகிய செம்மண். அதில் பெரிய குளம்பு ஒரு வரிசை, நுனிகள் சேர்ந்து, மெலிதாக. அதன் பக்கத்திலேயே என் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாய் இன்னொரு வரிசை. இரண்டும் ஓடவில்லை, நடந்திருந்தன. புதருக்குள் போகும் ஒற்றையடித் தடம் வரை அவற்றைத் தொடர்ந்து சென்றேன். அதற்கு மேல் போகவில்லை.

வீட்டுக்குத் தொலைபேசினேன். பேரன்தான் எடுத்தான்.

"நன்னா, வந்துச்சா?"

"வந்துச்சு. கூட்டிட்டுப் போயிடுச்சு."

மறுமுனையில் அவன் தன் அம்மாவிடம் பசியாற ஏதாவது கேட்பது எனக்குக் கேட்டது.